நிதானத்தின் முதுகும் இரண்டு வண்டிகளும்

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர் படத்தைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று அவருக்குச் சந்தேகம்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"முட்டை" என்றார் நிதானம்.

"முட்டைன்னா?"

"கோழிப் பண்ணைங்க."

"கோழி வளக்கறவருக்கு முதுகு இப்படி இருக்காதே! பாறை உடைக்கறவங்க முதுகுதான் இப்படித் தேஞ்சிருக்கும். தினம் எதுல போய் வர்றீங்க?"

"நண்டுல."

டாக்டர் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்தார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரம்மா குறுக்கே புகுந்து விளக்கவில்லை என்றால், நிதானம் அன்று வேறு டாக்டரிடம் அனுப்பப்பட்டிருப்பார்.

"அது வண்டி பேருங்க. நாலு சக்கரம், மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார், கால ரெண்டு பக்கமும் போட்டு உக்காரணும். கல்லு, சேறு, ஓடை எல்லாத்துலயும் ஏறி இறங்கும். நடக்கறதும் நிக்கறதும் நண்டு மாதிரியே இருக்கும்னு இவருதான் பேரு வச்சாரு. பதினோரு வருஷமா அதுலதான் முட்டைய எடுத்துட்டுப் போறாரு."

"ஏடிவியா! சரியாப் போச்சு" என்றார் டாக்டர். "ஒண்ணு, நல்லா மெத்துன்னு போற வண்டியா மாத்துங்க. இல்ல, ஓட்டறத விட்டுடுங்க. மூணு மாசத்துல மறுபடி வாங்க. அப்பவும் குனிஞ்சு செருப்ப மாட்ட முடியலைன்னா, வண்டிச் சாவிய இந்த மேஜையில வச்சுட்டுத்தான் போகணும்."

பதில் சொல்ல நிதானத்துக்குச் சாதாரணமாகவே அரை நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

நிதானம் என்ற பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தவர் அவர். கயிற்றை அவிழ்த்து, கோட்டை அழித்து, பரிசும் கொடுத்து முடித்தபிறகு வந்து சேர்ந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டவர். சொந்தக் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று நாலா பக்கமும் தேடியபோது, வாசலில் யாரோ சாய்த்துவிட்டுப் போன சைக்கிள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தவர். முதலில் கிண்டலாக வைத்த பெயர் பிறகு மரியாதையாகி, அதற்கும் பிறகு முகவரியாகிவிட்டது. தபால்காரருக்கே வேறு பெயர் தெரியாது.

முட்டை வியாபாரத்துக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். அவசரக்காரன் கையில் முட்டை தங்காது. சைக்கிள் காலத்தில் கேரியரில் எட்டுத் தட்டு கட்டி, நாலு கிலோமீட்டர் மண்பாதையில் இறங்கி, ஒன்றுகூட உடையாமல் தார்ரோட்டில் சேர்ப்பார். பிறகு மொபெட். அதற்குப் பிறகு, கொட்டகை நாலாகி, கோழி ஆயிரத்து ஐந்நூறு ஆனபோது, யாரோ ஓட்டிச் சலித்து விற்ற நண்டு. முன்னால் ஒரு பெட்டி, பின்னால் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தட்டு. பெட்டிக்குள் அடியிலும் பக்கத்திலும் வைக்கோல். முட்டைக்குப் பஞ்சு மெத்தை மாதிரி படுக்கை. ஓட்டுகிறவருக்குக் கிழிந்த ரெக்ஸின் சீட்டு.

நண்டு வந்த முதல் நாள், தார்ரோட்டில் காத்திருந்த லாரி டிரைவர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். "என்னண்ணே, பச்சப்புள்ள விளையாடற பந்து மாதிரி கொழகொழன்னு இருக்கு!" என்று லாரியிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து, நாலு டயரிலும் முப்பது பவுண்டு காற்று அடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நிதானம் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். கல். அவருக்குப் பரம திருப்தி.

அந்தக் கட்டைவிரலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக முட்டை பார்த்த விரல் அது. கொட்டகையில் கூடையைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு முட்டையையும் மெல்லத் தொடும். ஓடு விரலுக்கு வளைந்து கொடுத்தால் அது தோல்முட்டை, தனியே வை. கெட்டியாக நின்றால் நல்ல முட்டை, தட்டில் வை. உலகத்தில் உள்ள சகல பொருள்களையும் அந்த விரல் இந்த இரண்டே ஜாதியாகத்தான் பிரித்தது. விரலுக்கு இடம் கொடுத்த டயரைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. காலால் மிதிக்கிற காற்றுப் பம்பு ஒன்று வாங்கி, வாரம் தவறாமல் முப்பது ஏற்றி வைப்பார்.

வண்டியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருட்டறையில் குண்டு பல்புக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முட்டையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதற்கு மேஸ்திரி வீட்டுக்காரம்மா. அவளுக்கு ஒரு கையில் நாலு முட்டை பிடித்துப் பழக்கம். "இன்னுமா முடியல?" என்பது அவள் வாயில் சாதாரணமாகப் புழங்குகிற சொல். காலையில் நண்டின்மேல் போகிற அந்த நாற்பது நிமிடம்தான், "இன்னுமா?" என்று அவரை யாரும் கேட்காத ஒரே நேரம். மேல் கொட்டகை திரும்பினதும் மூங்கில் புதர், அப்புறம் ஓடை, அப்புறம் கற்கள், அப்புறம் மேகம் இருந்தால் மேகம். யாரும் அவரை முந்த மாட்டார்கள்; முந்த அங்கே யாரும் இல்லை. அதை எப்படி விடுவது?

இதை வெளியே சொல்லவில்லை. "முதுகு பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

வண்டி மாற்றுவது என்று முடிவானதும் மச்சினன் வந்து சேர்ந்தான். வீட்டுக்காரம்மாவின் தம்பி. வீடியோ என்று பெயர். எந்த விஷயத்தைக் கேட்டாலும் அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருப்பான். நீச்சல் பற்றி முப்பது வீடியோ பார்த்துவிட்டு ஓடையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று கூச்சல் போட்டவன்.

"மாமா, இந்த சிவப்பு வண்டிதான். கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான் போனை நீட்டி. "பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஏறி இறங்கும். ஒண்ணு பள்ளத்துல விழுந்தா இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது. சோஃபால உக்காந்த மாதிரி இருக்கும்."

திரையில் ஒருத்தன் மணல் குன்றின்மேல் பறந்துகொண்டிருந்தான்.

"இவன் முட்டை ஏத்தலையே" என்றார் நிதானம்.

"இன்னொண்ணு சாம்பல் கலரு. அதப் பத்தி வீடியோவே கம்மி. பின்னாடி ஒரே இரும்பு அச்சு. முரட்டு வண்டி மாமா. வேலிபோடறவங்க, மரம் வெட்டறவங்கதான் வச்சிருக்காங்க."

"கெட்டுப் போகுதாமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரம்மா.

"கெட்டுப் போகாதாம் அக்கா. அதனாலதான் வீடியோ போட விஷயம் இல்ல."

"அப்ப அதத்தான் பாக்கணும்" என்றாள் அவள். நண்டு ஓடையில் நின்றுபோன நாட்களில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுகிறவள் அவள். லாரி ஆறரைக்கு வந்து பத்து நிமிடம்தான் நிற்கும். போன மழைக்காலத்தில் மட்டும் நாலு தடவை லாரி போய்விட்டது. மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் ஓடை நடுவில் நின்றால் அது மெத்தை இல்லை என்பது அவள் கட்சி. முதுகே போய்விட்டால் நேரத்துக்குப் போய் என்ன செய்வது என்பது நிதானத்தின் கட்சி. இரண்டு கட்சிக்கும் மச்சினன் நடுவர். மூன்று வேளையும் அக்கா வீட்டில் சாப்பாடு என்பதால் தீர்ப்பு தள்ளிக்கொண்டே போயிற்று.

கடைசியில் நிதானம் ஒரு வழி சொன்னார். இரண்டு நாள் யோசித்த வழி. இரண்டு வண்டியையும் கடைக்காரனிடம் ஒவ்வொரு நாள் வாங்கி ஓட்டிப் பார்ப்பது. சீட்டில் தனக்குப் பின்னால் ஒரு தட்டு முட்டை, முப்பது, வைக்கோல் இல்லாமல் கட்டி வைப்பது. போய் வந்து உடைந்ததை எண்ணுவது.

"முட்டை பொய் சொல்லாது" என்றார்.

அதற்கு அவர் செய்த ஏற்பாடு ஒரு பரிசோதனைக்கூடத்துக்குக்கூடப் பொருந்தும். இரண்டு நாளும் ஒரே கொட்டகை முட்டை. ஏனென்றால் வயசான கோழியின் ஓடு மெலிசு, இளசின் ஓடு கெட்டி. இரண்டு நாளும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே கயிறு, ஒரே முடிச்சு. வேகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அவருக்கு இருந்தது ஒரே வேகம்தான்.

திங்கட்கிழமை சிவப்பு வந்தது. கூட ஒரு விற்பனைக்காரப் பிள்ளை, கழுத்தில் டை. அச்சடித்த தாளில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தான். "இந்த திரையில எல்லாமே தெரியும் சார். வண்டிக்கு ஏதாவது பிரச்சினைன்னா ஒரு ஸ்பேனர் படம் வரும்."

"வந்தா?"

"எங்களுக்கு போன் பண்ணணும் சார்."

"பண்ணினா?"

"லேப்டாப் எடுத்துட்டு ஆளு வருவாரு சார். ரெண்டு மணி நேரத்துல."

வீட்டுக்காரம்மா லாரி நிற்கிற பத்து நிமிடத்தை மனசுக்குள் நினைத்துப் பார்த்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. பிள்ளை நாளை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நிதானம் வண்டியைச் சுற்றி வந்தார். குனிய முடியாமல் குனிந்து, டயரில் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று.

"புது வண்டிக்குக் காத்துகூட அடிக்காம அனுப்பிட்டான் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு, பம்பை எடுத்து வந்து மிதித்தார். நாலு டயர். ஒவ்வொன்றிலும் முப்பது. மூன்றாவது டயரில் முதுகு லேசாகப் பிடித்தது. நாலாவதில் நன்றாகவே பிடித்தது. இரவல் வண்டிதான், ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

போய் வந்தார். சோஃபா என்று மச்சினன் சொன்னது, மாடிப்படியில் உருட்டிவிட்ட சோஃபாவாக இருக்க வேண்டும். தட்டை அவிழ்த்தால் பதினான்கு முட்டை உடைந்து, மஞ்சள் கரு சீட்டுவழி வழிந்துகொண்டிருந்தது.

"பதினாலா!" என்றான் வீடியோ. அவன் முகம் செத்துப்போயிற்று. "மாமா, அந்த வீடியோவ பத்து லட்சம் பேரு பாத்திருக்காங்க!"

"அவங்க பாத்தாங்க. நான் உக்காந்தேன்" என்றார் நிதானம், சுவரைப் பிடித்தபடி.

அன்று முழுக்க அவர் மல்லாந்தே கிடந்தார். முரட்டு வண்டி இன்னும் வரவில்லை. சோஃபாவே இப்படி என்றால் இரும்பு அச்சு என்ன செய்யுமோ? இருட்டறையும் ஸ்டூலும் குண்டு பல்பும் கண்ணை மூடினாலும் திறந்தாலும் தெரிந்தன. முட்டையை விளக்கில் பிடித்துப் பார்க்கும் தன் கையை நினைத்துப் பார்த்தார். அந்தக் கை "இன்னுமா?" என்ற குரலுக்குத் திடுக்கிட்டு முட்டையை நழுவவிட்டது. எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாம்பல் வந்தது. சிவப்பைத் திருப்பி ஏற்ற வந்த பிள்ளை சாவியைத் திருகினான். திரையில் அழகான ஒரு ஸ்பேனர் படம் வந்து நின்றது. பிள்ளை அதைத் தட்டினான், தடவினான், கெஞ்சினான். பிறகு, "நாளைக்கு ஆளோட வர்றேன் சார்" என்று சிவப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்காரம்மா அந்த ஸ்பேனரை அருகில் போய்ப் பார்த்தாள். "படம் நல்லா வரைஞ்சிருக்கான்" என்றாள்.

நிதானத்தால் பம்பை மிதிக்க முடியாது. "மாப்ளே, அந்த சாம்பலுக்குக் காத்து அடிச்சு வையேன். நாலுலயும் முப்பது."

"அடிச்சுடறேன் மாமா" என்றான் வீடியோ, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலையில் இரண்டு பேர் தூக்கி உட்காரவைத்துத்தான் அவர் ஏற வேண்டியிருந்தது. பின்னால் அதே கயிறு, அதே முடிச்சு, அதே கொட்டகையின் முப்பது முட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். மூங்கில் புதர் வந்தது. ஓடை வந்தது. கற்கள் வந்தன. பல்லைக் கடித்தது கடித்தபடியே இருந்தது. கடிப்பதற்கான காரணம்தான் வரவில்லை. கற்கள் முடிந்தபோது அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது, பாதை மாறி வந்துவிட்டோமோ என்று. திரும்பும்போது ஓடை நடுவில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அது பாட்டுதான் என்று அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

தட்டை அவிழ்த்தார்கள். ஒன்று. ஒரே ஒரு முட்டையில், மயிரிழை விரிசல்.

முரட்டு வண்டி பூவாக வந்திருக்கிறது; சோஃபா முட்டையை உடைத்திருக்கிறது. வீடியோ இதற்கு விளக்கம் தேடிப் போனைத் தடவ ஆரம்பித்தான். நிதானம் பழக்கதோஷத்தில் டயரில் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று.

"மாப்ளே."

"மாமா?"

"காத்து அடிச்சியா?"

"அடிச்சேன்..." என்று தொடங்கியவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "அடிக்கணும்னுதான் மாமா நெனச்சேன். பம்பு எப்படி மிதிக்கறதுன்னு ஒரு வீடியோ பாத்துட்டிருந்தேன். அதுக்குள்ள தூங்கிட்டேன்."

வீட்டுக்காரம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். டயரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். பொடியாக எழுத்து இருந்தது. பிறகு சிவப்பிடம் போய்த் துடைத்தாள். பிறகு கொட்டகை ஓரம் நின்ற பழைய நண்டிடம் போய், பதினோரு வருஷத்து அழுக்கை நகத்தால் சுரண்டினாள்.

"என்னங்க."

"ம்."

"மூணுலயும் அஞ்சுன்னு போட்டிருக்கு."

"என்ன அஞ்சு?"

"காத்து. இந்த டயருக்குக் காத்து அஞ்சுதான். நீங்க எவ்வளவு அடிக்கறீங்க?"

பதில் வர வழக்கமான அரை நிமிடத்தைவிட ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த இடைவெளியில் நிதானம் பதினோரு வருஷத்தை ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு பள்ளமாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"முப்பது" என்றார்.

அவள் சிரித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். இரண்டுக்கும் வாயைத் திறந்தாள். ஆனால் சுவரைப் பிடித்து நின்றிருந்த மனுஷனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, நேரே போய்ப் பம்பை எடுத்தாள். பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நகைகளுக்குக் கீழ்த்தட்டில் பம்பை வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"எந்த வண்டி வாங்கறது?" என்றாள்.

"காத்த இறக்கிட்டா சிவப்பும் மெத்துன்னுதான் போகும் அக்கா, பாவம்" என்றான் வீடியோ, தன் பத்து லட்சம் பேரின் மானத்தைக் காப்பாற்றும் முயற்சியாக. "ஒரு தடவ சரியா ஓட்டிப் பாத்துடலாமே?"

"பாக்கலாமே! ஸ்டார்ட் பண்ணு" என்றாள் அவள்.

சிவப்பின் திரையில் ஸ்பேனர் அப்படியே ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. விவாதம் அதோடு முடிந்தது. ஏறினால் முதுகும் பிழைக்கிறது, ஓடையில் இறங்கித் தள்ளவும் வேண்டாம் என்றால் அப்புறம் கட்சி ஏது? சாம்பல் நிற வண்டியை வாங்கி, அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வாரம்தான் கஷ்டம். முதுகுக்கு இல்லை, விரலுக்கு. தினம் காலையில் ஏறுவதற்கு முன் அது தானாக டயரைத் தொடப் போகும். தொட்டால் தோல்முட்டை மாதிரி உள்ளே போகும். நிதானம் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்காருவார். ஒரு நாள் பீரோ பக்கம் போய் நின்றுவிட்டு, "சட்டை தேடினேன்" என்று சொல்லித் திரும்பினார். போட்டிருந்த சட்டையைப் பார்த்த வீட்டுக்காரம்மா, இடுப்புச் சாவியை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

இரண்டாவது மாதம் செருப்பைச் சுவரைப் பிடிக்காமல் மாட்டினார். டாக்டரிடம் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது. முதுகு உண்மையிலேயே தேறிவிட்டதா, அல்லது தேறினதாகத் தான் நினைத்துக்கொள்கிறோமா என்ற சந்தேகம் மட்டும் அவருக்குப் போகவில்லை. எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனுஷன்.

அது ஒரு வியாழக்கிழமை தீர்ந்தது. தார்ரோட்டில் லாரி நின்றது. நிதானம் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டியை லாரியில் ஏற்றி, பின் பலகையில் நின்று வைக்கோலைச் சரிசெய்துகொண்டிருந்தார். பதினோரு வருஷத்துச் சிநேகிதரான டிரைவர் அன்றுதான் நேரம் கிடைத்துக் கீழே இறங்கி வண்டைச் சுற்றி வந்து, டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே இது! புது வண்டி, காத்தே இல்லாம ஓட்டறீங்க? இருங்க, ஒரு முப்பது அடிச்சுத் தர்றேன்."

லாரியிலிருந்து குழாய் சரசரவென்று வந்தது. டிரைவர் குந்தி உட்கார்ந்து டயரின் மூடியைத் திருக ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் கோட்டை அழித்தபிறகு வந்து சேர்ந்த அதே கால்கள்தான். லாரியின் பின் பலகையிலிருந்து ஒரே குதியில் கீழே இறங்கி, இடையில் கிடந்த காலிப் பெட்டியைத் தாண்டி, டிரைவர் இரண்டாவது திருகு திருகுவதற்குள் டயருக்கும் குழாய்க்கும் நடுவில் வந்து குனிந்து உட்கார்ந்துவிட்டன. இரண்டு கையாலும் டயரை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "வேணாம்! வேணாம்பா!" என்று கத்தினார் நிதானம்.

டிரைவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். நடுவில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"அண்ணே," என்றார், "இப்ப ஓடி வந்தது நீங்களா?"

நிதானம் டயரை விடாமலே முதுகை மெல்ல இந்தப் பக்கம் வளைத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் வளைத்துப் பார்த்தார். அரை நிமிடம் ஆயிற்று.

"ஆமா போலருக்கு" என்றார்.